தானே கிரீக்கைக் கண்காணிப்பது எப்படி? மும்பைத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தானே கிரீக் என்னும் கடற்கழியில் பூநாரை (ஃபிளமிங்கோ) பார்க்கப் போகிறவர்களுக்கு மும்பையில் பஞ்சமில்லை. மார்ச் மாத ஞாயிறுகளில் ஐரோலி படகுத்துறையில் நின்றால் செம்பூர், முலுண்ட், வாஷி என்று எல்லாப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் கண்ணில் படும். பார்த்ததை அதே இடத்தில், அதே ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) நிலையில், அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் பார்த்து எழுதி வைக்கிறவர்கள்தான் குறைவு. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகை ஆட்களை உருவாக்குவதற்காக. நான்கைந்து பேர், ஆளுக்கொரு தொலைநோக்கி, ஒரு நோட்டு, மாதத்தில் இரண்டு காலைகள். தொடங்க இவ்வளவு போதும்.

அழகான பறவையும் நல்ல படமும் எதிர்பார்த்து இதில் இறங்காதீர்கள். ஒரே தூணருகே நின்று ஒரே சேற்றைப் பார்க்கும் சலிப்பான வேலை இது. அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்கிறவர் எழுதும் கணக்குதான் பின்னால் யாருக்காவது பயன்படும்.

முதலில் வரைபடம்

வாஷி பாலத்துக்கும் ஐரோலி பாலத்துக்கும் இடைப்பட்ட கழிப்பகுதியை மகாராஷ்டிர அரசு 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு சுமார் 1,690 ஹெக்டேர். அதில் ஏறக்குறைய 900 ஹெக்டேர் அலையாத்திக் காடு, மீதி நீரும் சேறும். 2021-இல் சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் அறிவிக்கப்பட்டது. 2022 ஆகஸ்ட்டில் இரண்டும் சேர்ந்து சுமார் 6,521 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் கொண்ட ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது.

இந்த அடுக்குகளைப் பிரித்து அறிந்துகொள்வது அவசியம். சரணாலயத்துக்குள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பேசும். அலையாத்தி நிற்கும் அரசு நிலத்தில் வனச் சட்டமும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்து பேசும். அதற்கு வெளியே உள்ள குளத்துக்கோ உப்பளத்துக்கோ நகராட்சி, நகர வளர்ச்சி அமைப்பு, தனியார் என்று வேறு வேறு சொந்தக்காரர்கள். நாளைக்கு ஒரு லாரி மண் கொட்டினால் யாரிடம் போவது என்பது, அந்த லாரி எந்த அடுக்கில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே கைபேசி வரைபடத்தில் சரணாலய எல்லை, மண்டல எல்லை, உங்கள் நிற்குமிடங்கள் மூன்றையும் முதல் வாரத்திலேயே குறித்துவிடுங்கள்.

பறவைக்கு இந்தக் கோடுகள் எதுவும் தெரியாது. நீர் ஏறிச் சேறு மூழ்கியதும் பூநாரைகள் எழுந்து நெருல் பக்கத்து ஏரிகளுக்கும் பாண்டுப் பக்கத்து உப்பளங்களுக்கும் போய் நிற்கும். நீர் வற்றியதும் திரும்பும். 2024-இல் நெருலில் அப்படிப்பட்ட ஓர் ஏரிக்கு ஓதநீர் வரும் வழி அடைபட்டு, பூநாரைகள் இறந்தன. அந்த 30 ஏக்கர் ஏரியைப் பாதுகாப்பு ஒதுக்ககமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது 2025-இல்தான். அதே 2024 மே மாதம் ஓர் இரவில் காட்கோபர் வானில் ஒரு பயணிகள் விமானத்தில் மோதி சுமார் 40 பூநாரைகள் விழுந்தன. இரண்டுமே சரணாலயக் கோட்டுக்கு வெளியே நடந்தவை. எனவே கோட்டுக்கு வெளியே ஓர் ஏரியையாவது உங்கள் பட்டியலில் சேர்க்காமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி ஒன்றே ஒன்று

"கழியைக் கண்காணிக்கிறோம்" என்பது கேள்வி ஆகாது. "இந்தக் கரையிலிருந்து தெரியும் சேற்றுப்பரப்பைப் பயன்படுத்தும் பூநாரைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றனவா, குறைகின்றனவா?" என்பது கேள்வி. "இந்த ஒரு கிலோமீட்டர் அலையாத்தி ஓரம் உள்வாங்குகிறதா?" என்பதும் கேள்வி. பூநாரை, நரி, நண்டு, நெகிழி, நீரின் நாற்றம் எல்லாவற்றையும் முதல் ஆண்டே எழுத முயலும் குழு இரண்டாம் ஆண்டு இருக்காது.

கேள்விதான் முறையை முடிவு செய்யும். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் சிறுத்தைகளைத் தானியங்கிக் கேமராவில் பிடித்து, ஒவ்வொன்றின் புள்ளி அமைப்பையும் ஒப்பிட்டு 2015-இல் 35 சிறுத்தைகள் என்று கணக்கிட்டார்கள். சிறுத்தையை அப்படித் தனித்தனியாக அடையாளம் காண முடியும். பத்தாயிரம் பூநாரையில் அது நடக்காது; அங்கே கூட்டத்தைத்தான் எண்ண வேண்டும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் பூநாரைக் கேள்வியையும், கொஞ்சம் அலையாத்திக் கேள்வியையும் எடுத்துக்கொள்கிறது.

அனுமதி

சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழையத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். மகாராஷ்டிர வனத்துறையின் அலையாத்திப் பிரிவுதான் இங்கே பொறுப்பு. கரையிலும் பொதுப் பாதையிலும் நின்று எண்ணுவதற்கு அவ்வளவு சிக்கல் இல்லை. ஆனாலும் ஒரு கடிதம் கொடுத்து, யார் யார், எந்த நாட்கள், எந்த இடங்கள் என்று சொல்லிவிடுங்கள். பின்னால் புகார் தரும்போது உங்கள் பெயர் அவர்களுக்குப் பழகியிருக்கும். டிரோன் வேண்டவே வேண்டாம். பறவையும் மிரளும், விமான நிலையம் அருகிலிருப்பதால் வழக்கும் வரும்.

கடிதம் மராத்தியில் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். சயன் கோலிவாடாவிலும் தாராவியிலும் வளர்ந்த நம் பிள்ளைகள் மராத்தியை வெண்ணெய் போலப் பேசுகிறார்கள். குழுவில் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கரையோரக் கோலி மீனவர்களிடம் பேசவும் அவர்கள்தான் தேவை. எந்த வாய்க்கால் எப்போது தூர்ந்தது, எந்தப் பக்கம் மீன் போனது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தக் கோப்பிலும் இருக்காது.

ஓதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான். காலை 8 மணிக்கு 12,000 பறவை, இரண்டு வாரம் கழித்து அதே 8 மணிக்கு 900 பறவை என்று எழுதி, "பூநாரை போய்விட்டது" என்று பதறும் அறிக்கைகள் வருவதுண்டு. பறவை எங்கும் போகவில்லை. நீர்தான் வேறு நிலையில் இருந்தது. கடிகார மணியை மறந்து ஓத மணிக்கு மாறுங்கள்.

மும்பையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்றைய நேரம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். அந்நாட்களில் மும்பையில் ஏற்றத்தின் உச்சி நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் வரும். விடியலில் சேறு வெறுமையாகக் கிடக்கும். அஷ்டமி, நவமியை ஒட்டி ஓதம் மந்தமாகும். உச்சி காலை, மாலைப் பொழுதுகளுக்கு நகரும். சேறு முழுக்க மூழ்குவதும் இல்லை, முழுக்கத் தெரிவதும் இல்லை. அஷ்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்று பாட்டிகள் சொல்வது இங்கே தற்செயலாகப் பொருந்துகிறது. சமையலறைச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே உங்கள் முதல் ஓத அட்டவணை.

துல்லியமான நேரத்துக்கு அச்சிட்ட அட்டவணை வேண்டும். மும்பைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்து அப்போலோ பந்தருக்கானவை. கழியின் உட்பகுதிக்கு நீர் வந்து சேரச் சற்று நேரமாகும். எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டாம். உங்கள் நிற்குமிடத்தில் இருக்கும் படகுத்துறைத் தூண் ஒன்றில் நீர் எட்டும் மட்டத்தை, உச்சிக்கு முன்னும் பின்னும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துப் பாருங்கள். சில தடவை செய்தால் உங்கள் இடத்துக்கான தாமதம் கிடைத்துவிடும். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

எந்த நிலையில் எண்ணுவது? நீர் முழுதாக வற்றியிருக்கும்போது பறவைகள் பரந்து சிதறி, கரையிலிருந்து வெகுதூரத்தில் புள்ளிகளாகத் தெரியும். நீர் ஏறி வரும்போது அவை கரைப் பக்கம் ஒதுங்கி நெருங்கும். உச்சிக்கு இரண்டரை மணி முதல் ஒன்றரை மணி வரை முந்திய அந்த ஒரு மணி நேரம்தான் கரையிலிருந்து எண்ண நல்ல இடைவெளி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய காலைகளில் இது ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்குள் விழும். வீட்டில் டிபன் முடித்துவிட்டு நிதானமாகவே கிளம்பலாம். நீர் உச்சியில் நிற்கும்போது எண்ண வேண்டியது கழியை அல்ல, ஏரிகளை.

வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். கிழக்குக் கரையான ஐரோலியில் காலையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால். மேற்குக் கரையான பாண்டுப், விக்ரோளிப் பக்கம் அதே நேரத்தில் எதிர்வெயில் கண்ணைக் கூசச் செய்யும். எல்லாப் பறவையும் கருநிழலாகத் தெரியும். மேற்குக் கரையில் நிற்பவர்கள் எண்ணிக்கையை மட்டும் எழுதட்டும், இனம் பிரிக்க வேண்டாம்.

நிற்குமிடம்

மூன்று இடங்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, எந்தத் திசையில் எந்த அடையாளத்திலிருந்து எந்த அடையாளம் வரை பார்க்கிறோம் என்ற விவரம், ஒரு படம். "இடது எல்லை: மூன்றாவது மின்கோபுரம்; வலது எல்லை: பாலத்தின் தூண்" என்ற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். நீங்கள் வேலை மாறிப் புனேக்குப் போய்விட்டாலும் புதிதாக வருபவர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அதே இடத்தில் நிற்க முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

எண்ணும் முறை

பெருங்கூட்டத்தை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதியுங்கள். அதை வைத்து நூறின் அளவைப் பிடியுங்கள். பிறகு அந்த நூறைக் கூட்டத்தின் மேல் இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டே போங்கள். நடுவில் அடர்த்தி, ஓரத்தில் மெலிவு என்பதால் நூறின் அளவை இரண்டு மூன்று இடங்களில் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

மனிதக் கண் பெரிய கூட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். இதற்குப் பயிற்சி வீட்டிலேயே செய்யலாம்: பழைய பூநாரைப் படமொன்றைத் திரையில் போட்டு முப்பது விநாடியில் ஆளாளுக்கு ஓர் எண் எழுதுங்கள், பிறகு படத்தில் ஒவ்வொரு பறவை மேலும் புள்ளி வைத்து எண்ணுங்கள். யார் எவ்வளவு குறைக்கிறார் என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

களத்தில் இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொல்லாமல். மூத்தவர் "ஐயாயிரம் இருக்கும்" என்று வாய்விட்டால் இளையவரின் நோட்டிலும் ஐயாயிரம்தான் விழும். நம் ஊர் மரியாதை அப்படி. இரண்டு எண்ணையும் அப்படியே எழுதுங்கள். சராசரியை வீட்டில் போட்டுக்கொள்ளலாம். "சுமார்" என்ற சொல்லுக்கு நோட்டில் இடமில்லை. குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று எழுதுங்கள்.

இனம் பிரிப்பது: பெரும் பூநாரை உயரம், உடல் வெளிறிய நிறம், அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கருப்பு. சிறு பூநாரை குள்ளம், நிறம் அழுத்தம், அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு. இங்கே பெருங்கூட்டமாக வருவது சிறு பூநாரை. உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கும் இனங்களின் பட்டியலில் இருப்பதும் அதுதான். இரண்டும் கலந்து நின்றால் மொத்தத்தை முதலில் எண்ணிவிட்டு, தொலைநோக்கியில் நூறு பறவையை மட்டும் பார்த்து விகிதம் எடுங்கள். தூரத்தில் தெரியவில்லை என்றால் "பூநாரை, இனம் தெரியவில்லை" என்று எழுதுவதே நேர்மை. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள். அவற்றின் விகிதத்தையும் அதே நூறிலிருந்து எடுக்கலாம். இனப்பெருக்கம் நடப்பது கட்ச் போன்ற வேறிடங்களில் என்பதால், அங்கே அந்த ஆண்டு எப்படி இருந்தது என்பதற்கு இந்தச் சாம்பல் குஞ்சுகள்தான் துப்பு.

காலில் வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால் நிறம், எழுத்து, இடது காலா வலது காலா என்று குறித்துப் படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். 1883 முதல் மும்பையில் இயங்கும் அந்தக் கழகம்தான் இங்கே பூநாரைகளுக்கு வளையமிட்டு, சிலவற்றுக்குச் செயற்கைக்கோள் கருவியும் பொருத்தியது.

எண்ணும்போது ஒரு கூட்டம் பறந்துபோனால் நேரம், திசை, எண்ணிக்கையைத் தனி வரியில் எழுதுங்கள். அடுத்த கரையில் நிற்கும் உங்கள் ஆள் அதே பறவைகளை மறுபடி எண்ணியிருக்கலாம். எல்லா நிற்குமிடங்களிலும் ஒரே நேரத்தில் எண்ணுவது இந்தக் குழப்பத்துக்காகத்தான். பறவைகள் தலையை உயர்த்தி எல்லாம் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்களோ நாயோ படகோ நெருங்கிவிட்டது என்று பொருள், அதையும் எழுதுங்கள்.

ஒன்றுமே இல்லாத நாளில் பூஜ்ஜியம் எழுதுங்கள். நவம்பர் தொடக்கத்தில் மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பியவர் பூஜ்ஜியம் எழுதி வைத்திருந்தால்தான் பறவை எப்போது வந்தது என்று சொல்ல முடியும். பூநாரையோடு கருவால் மூக்கன், கொசு உள்ளான், ஆலா போன்றவற்றையும் எண்ணலாம். அது குழுவின் திறமையைப் பொறுத்தது. கட்டாயமில்லை.

அலையாத்தி ஓரம்

இங்கே காட்டை நிறைத்து நிற்பது பெரும்பாலும் வெண்கண்டல். பிச்சாவரத்துச் சுரபுன்னையின் வளைந்த தாங்கு வேர்களை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். இங்கே சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டி நிற்பவை மூச்சுவேர்கள். அவற்றை மிதிக்காதீர்கள்.

அனுமதி கிடைத்தால் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டம் ஒன்று போட்டு, ஆண்டுக்கொருமுறை அக்டோபரில், மார்பு உயரத்தில் ஒவ்வொரு தண்டின் சுற்றளவு, நாற்றுகள், வெட்டிய அடிக்கட்டைகள் என்று எடுக்கலாம். கிடைக்காவிட்டால் படமே போதும். ஒரே தூண், ஒரே திசை, ஒரே உயரம், ஜூம் இல்லாமல், ஒரே ஓத நிலை. மாதம் ஒரு படம்.

மரம் வெட்டுவதை எல்லோரும் கவனிப்பார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது அடைபட்ட வாய்க்கால். சாலைக்கடியில் போகும் குழாயில் இடிபாட்டு மண் விழுந்து ஓதநீர் நின்றுவிட்டால், யாரும் கோடரி தொடாமலேயே ஒரு பகுதி முழுவதும் நுனியிலிருந்து காய்ந்துவரும். ஏற்ற நேரத்தில் குழாயின் இரு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் வறண்டிருந்தால் அன்றே படம் எடுங்கள்.

வானத்திலிருந்து

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். ஒரு புள்ளிக்குப் பத்து மீட்டர், சுமார் ஐந்து நாளுக்கொரு படம். பழைய காலத்துக்கு லேண்ட்சாட் இருக்கிறது, முப்பது மீட்டர் நுணுக்கத்தில். மழைமாதங்களில் மேகம்தான் தெரியும். டிசம்பர் முதல் மார்ச் வரை உள்ளவற்றை எடுங்கள். இங்கும் ஓதம் காலை வாரும். ஏற்றத்தில் எடுத்த படத்தையும் வற்றத்தில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் சேறு கரைந்ததாகவோ புதிதாக வளர்ந்ததாகவோ தோன்றும். படம் எடுத்த நேரத்தின் ஓத உயரத்தை அட்டவணையில் பார்த்து, ஒத்த உயரமுள்ளவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்.

நீரின் தரத்தையும் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரே குறிப்பு: கரைந்த ஆக்சிஜனையும் உப்புத்தன்மையையும் வற்றத்தில் ஒருமுறை, ஏற்றத்தில் ஒருமுறை எடுங்கள், ஒன்றை மட்டும் எடுப்பதில் பொருளில்லை. கழிவுநீர் தரும் சத்தில் பெருகும் நீலப்பச்சைப் பாசிதான் சிறு பூநாரையின் முக்கிய உணவு. எனவே பறவை நிறைய இருக்கிறது, ஆகவே நீர் சுத்தம் என்று எந்த அறிக்கையிலும் எழுதிவிடாதீர்கள்.

கணக்கு எங்கே போக வேண்டும்

களத்தாளை அன்றிரவே படமெடுத்து, விரிதாளில் ஏற்றுங்கள். தேதி, இடம், தொடக்க நேரம், முடிவு நேரம், ஓத உயரம், ஏறுகிறதா வற்றுகிறதா, எண்ணியவர், எண், பார்வைத்தெளிவு, தொந்தரவு. ஒரு நெடுவரிசையில் ஒரு விவரம் மட்டும். பறவைப் பட்டியலை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில், நின்ற இடத்திலிருந்து எடுத்த முழுப் பட்டியலாகப் பதியுங்கள். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் தொடர்கிறது. உங்கள் ஜனவரி எண்ணிக்கைகளில் ஒன்றை அந்த நாட்களோடு பொருத்திக்கொண்டால் உங்கள் கரையும் அதில் சேரும்.

புகார் வேறு வகை எழுத்து. மும்பை உயர் நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தந்த தீர்ப்பு, அலையாத்தி அழிப்பை வாழ்வுரிமையை மீறும் செயலாகக் கண்டது. அலையாத்தியைச் சுற்றி 50 மீட்டர் தாங்கு பகுதியில் கட்டுமானத்தையும் குப்பை கொட்டுவதையும் தடுத்தது. கொங்கண் கோட்ட ஆணையர் தலைமையில் குழுவும் அமைந்தது. ஆகவே புகாரில் ஆவேசம் தேவையில்லை. தேதி, நேரம், இருப்பிட எண்கள், நான்கு படங்கள், முந்தைய மாதம் அதே தூணிலிருந்து எடுத்த படம், நில அளவை எண் கிடைத்தால் அதுவும். வனத்துறைக்கு அவசரத் தகவல் தர 1926 என்ற எண் இருக்கிறது. கொட்டுகிறவர்களோடு நேரில் வாக்குவாதம் வேண்டாம். வண்டி எண்ணைத் தூரத்திலிருந்து குறித்தால் போதும். பதில் வராவிட்டால் முப்பது நாள் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில், புகார் எண்ணைக் குறிப்பிட்டு, எடுத்த நடவடிக்கையைக் கேளுங்கள்.

ஆண்டறிக்கை இரண்டு பக்கம் தாண்ட வேண்டாம். முதல் பக்கத்தில் ஒரே ஓத நிலையில் எடுத்த எண்கள் மாதவாரியாக. இரண்டாம் பக்கத்தில் படங்களும் தவறவிட்ட நாட்களும். மூன்று ஆண்டுக் கணக்கு சேரும்வரை "கூடியது", "குறைந்தது" என்று எழுதாதீர்கள். ஓர் ஆண்டு மழை தவறினால்கூடக் குஜராத்திலிருந்து பறவை வரும் காலம் மாறும்.

ஜூனில் மழை பிடித்ததும் பெரும்பாலான பூநாரைகள் கிளம்பிவிடும். படகும் நிற்கும். அந்த நான்கு மாதமும் விரிதாளைச் சரிபார்க்க, புதியவர்களுக்குப் படத்தில் எண்ணப் பயிற்சி தர, குழாய்களில் நீர் ஓடுகிறதா என்று பார்க்க. செப்டம்பர் கடைசியில் அடுத்த பருவத்துக்கான தேதிகளை நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பார்த்து வட்டமிட்டு, யார் எந்தத் தூணில் என்று பெயர் போட்டு, வனத்துறைக்கான கடிதத்தோடு ஒரு நகலை அனுப்பிவிடுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முதல் கூட்டம் இறங்குவது பெரும்பாலும் அதை ஒட்டித்தான்.